பக்கத்துக் குரல் வேறொன்றைப் பாடும்போது: கூட்டுப்பாட்டு அனுபவங்கள்

தொடக்கப் பதிவு (லண்டன், ஈஸ்ட் ஹாம்)

வணக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் காலை முதல் மாலை வரை கட்டணமில்லாமல் கூட்டுப்பாட்டுப் பட்டறைகள் நடந்தன. ஜார்ஜிய நாட்டுப் பல்குரல் பாட்டு, அமெரிக்கத் தென்மாநிலங்களின் வடிவக்குறிப் பாட்டு, தென்னாப்பிரிக்கப் பாடல்கள், கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டான காஸ்பல், மாலுமிப் பாட்டு என்று அறைக்கு ஒரு மரபு. பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இந்நாட்டில் இத்தகைய பட்டறைகள் பெரும்பாலும் காதால் கேட்டே கற்பிக்கப்படுகின்றன. பிராங்கி ஆம்ஸ்ட்ராங் என்ற நாட்டுப்புறப் பாடகி 1970களில் தொடங்கிய குரல் பட்டறைகளிலிருந்து பரவிய பழக்கம் இது. பாடும் குரல் எல்லோருக்கும் உண்டு என்பதே அதன் அடிப்படை.

நான் சிறுவயதில் எட்டு ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்று, வர்ணங்களோடு நிறுத்திக்கொண்டவள். சுருதி சேர்வது என்றால் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் நிற்பது என்பதுதான் எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு ஜார்ஜிய அறைக்குள் சென்றேன்.

காகசஸ் மலைகளை ஒட்டிய அந்த நாட்டின் பல்குரல் பாட்டை யுனெஸ்கோ 2001இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது; 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டிலும் அவர்களுடைய பாட்டு ஒன்று இருக்கிறது. எங்களுக்குக் கற்பித்தது கிழக்குப் பகுதியான ககேதியின் விருந்துப் பாட்டு. மேலே இரண்டு குரல்கள் தனித்தனியே அலைந்து பாட, மற்ற அனைவரும் ‘பானி’ என்னும் கீழ்க்குரலைப் பிடிக்க வேண்டும். பாட்டின் சொல் அநேகமாக ஒன்றே ஒன்று. அதற்குப் ‘பல்லாண்டு’ என்று பொருள் என ஆசிரியை சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மார்கழி விடியலில் பாட்டியோடு கோயிலில் நின்று கேட்ட சொல், ஊர்பேர் அறியாத மொழியில், மது விருந்தின் வாழ்த்தாக எதிரே வந்து நின்றது.

கீழ்க்குரலைத் தம்புரா என்று எண்ணிக்கொண்டு, அசையாமல் ஒரு ஸ்வரத்தில் நின்றேன். சற்று நேரத்தில் ஆசிரியையின் உள்ளங்கை சிறிது தாழ்ந்தது. ஏறத்தாழ முப்பது பேரின் சுருதியும் அதோடு ஒரு படி இறங்கியது. நான் மட்டும் பழைய இடத்திலேயே நின்றேன். ஆதார ஷட்ஜம், அதாவது பாட்டு முழுவதற்கும் அடிப்படையான ‘ச’, நகரும் என்பதை நான் கனவிலும் நினைத்ததில்லை. கிரகபேதம் என்ற உத்தியில் ஷட்ஜத்தை மனத்தால் இடம் மாற்றுகிறோம் என்றாலும், அங்கே தம்புரா அப்படியேதான் ஒலித்துக்கொண்டிருக்கும். இங்கே தரையே இறங்கி, மேற்குரல்கள் ஒரு வட்டம் வந்து முடிந்ததும் மீண்டும் ஏறியது. மூன்றாம் முறையில் நானும் இறங்கக் கற்றேன். என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தவரை அது இயலவில்லை. வலப்புறம் நின்ற பெரியவரின் மூச்சைக் கேட்கத் தொடங்கியபோது இயன்றது.

அடுத்து நான் சென்றது இன்னொரு ஜார்ஜியாவின் பாட்டுக்கு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பி.எஃப். ஒயிட், இ.ஜே. கிங் ஆகியோர் 1844இல் தொகுத்து வெளியிட்ட ‘தி சேக்ரட் ஹார்ப்’ என்ற பாடல் நூல் இம்மரபின் வேர். பக்கவாட்டில் நீண்ட அந்தப் புத்தகத்தில் ஸ்வரங்களின் தலைகள் நான்கு வடிவங்களில் அச்சாகியிருக்கும்: ஃபா முக்கோணம், ஸொல் வட்டம், லா சதுரம், மி வைரம். நம் சங்கராபரண ராகத்தின் ஆரோகணத்தை, அதாவது ஏறுவரிசையை, அவர்கள் ‘ஃபா, ஸொல், லா, ஃபா, ஸொல், லா, மி’ என்று சொல்கிறார்கள். ‘ச ரி க’வுக்கு உரிய பெயர்களே ‘ம ப த’வுக்கும் திரும்ப வருகின்றன, இரண்டிலும் ஏறும் தூரம் ஒன்றுதான் என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்ததே இல்லை. முதலில் வடிவங்களின் பெயர்களைப் பாடிவிட்டுப் பிறகே சொற்களுக்குச் செல்கிறார்கள். ஸ்வரம் பாடிவிட்டுச் சாகித்தியத்துக்கு வரும் நமக்கு இது சொந்த வீட்டு வழக்கம்.

நான்கு குரல்களும் நான்கு பக்கங்களில் ஒருவரையொருவர் பார்த்து அமர்ந்து நடுவில் ஒரு வெற்றுச் சதுரத்தை விட்டுவைக்கிறார்கள். அவையோரை நோக்கி எவரும் அமர்வதில்லை, ஏனெனில் அவையோர் என்று எவரும் இல்லை. விரும்பியவர் பக்க எண்ணைச் சொல்லி நடுவில் வந்து நின்று பாட்டை நடத்தலாம். எனக்கும் அழைப்பு வந்தது, சென்றேன். கையை ஏற்றி இறக்கித் தாளம் காட்டினால் போதும் என்றார்கள். நான்கு திசைகளிலிருந்தும் நான்கு வேறு இசைகள் முழுத் தொண்டையில் வந்து என் மேல் மோதிய அந்த இரண்டு நிமிடங்களை எழுதிக் காட்ட என்னால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க அறையில் கற்பித்தவர் துள்ளலான பாட்டு ஒன்றை ஆடிப்பாட வைத்தார். சொற்களின் பொருளைக் கேட்டதற்குச் சரியாகத் தெரியாது என்றார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் இறுதி ஊர்வலங்களில் பாடப்பட்ட பாட்டு அது என்பதை டர்பனில் பிறந்த ஓர் அம்மையார்தான் தேநீர் இடைவேளையில் எங்களுக்குச் சொன்னார். பிறர் மரபைப் பாட வருகிறவர்களுக்குப் பொருளைச் சொல்லிவிட்டுப் பாட வைப்பது குறைந்தபட்சக் கடமை என்று உறுதியாக நினைக்கிறேன்.

உங்களில் எவருக்கேனும் இத்தகைய அனுபவம் இருந்தால் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி (அட்லாண்டா)

தங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது, அம்மா. எங்கள் மாநிலத்திலும் பக்கத்து அலபாமாவிலும் இந்த வடிவக்குறிப் பாட்டு நாள் முழுவதும் நடக்கும். யாரும் போகலாம், கட்டணம் கிடையாது. நண்பகலில் அவரவர் வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்ததை நீண்ட மேசைகளில் பரப்பி, புதியவர்களை முதலில் உண்ணச் செய்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அலுவலக நண்பர் ஒருவரின் அழைப்பால், ஒரு சிற்றூர் மரத் தேவாலயத்துக்குச் சென்றேன். நான் சைவன்; பாடல்களோ கிறித்தவப் பாடல்கள். ஆனாலும் என் நம்பிக்கை என்ன என்று அன்று எவரும் கேட்கவில்லை; எந்தக் குரலில் பாடுவீர்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

அவர்களிடம் நினைவேந்தல் பகுதி ஒன்று உண்டு. அண்மையில் மறைந்தவர்களின் பெயர்களை வாசித்து, அவர்களுக்காக ஒரு பாட்டைப் பாடுவார்கள். நோயுற்றோ முதுமையாலோ வர இயலாதவர்களுக்கு வேறொரு பாட்டு. பக்கத்தில் இருந்த மூதாட்டி என்னிடம் மெதுவாக, இந்த ஆண்டு யாரையேனும் இழந்தீர்களா என்று கேட்டார். மதுரையில் என் தாயார் இறந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. விடுமுறை கிடைக்காமல், பதினாறாம் நாளுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அந்த மூதாட்டி அம்மாவின் பெயரைத் தாளில் எழுதி வாங்கி, எப்படி உச்சரிக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். என் தாயாரின் பெயர் அந்தத் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. எங்கள் தெருப் பெண்கள் கூடி அழுத ஒப்பாரியைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அறிமுகமே இல்லாத அவ்வளவு பேர் அன்று அம்மாவுக்காகப் பாடினார்கள். நான் பாடவில்லை, அமர்ந்திருந்தேன்.

மறுமொழி (கார்டிஃப்)

வேல்ஸில் ‘கிமான்வா கானி’ என்ற பாட்டுக்கூடல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்துவருகிறது. தேவாலயத்து மக்கள் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று, மேலிருந்து கீழாக, குரல்வாரியாகப் பிரிந்து அமர்வார்கள். சபையே பாடகர் குழு. கடைசிச் சரணத்தில் மக்கள் சூடேறிவிட்டால் நடத்துபவர் அதை மறுபடி மறுபடி பாட வைப்பார். நான் பாளையங்கோட்டைக்காரன், ஆலயப் பாடகர் குழுவில் டெனர் பாடி வளர்ந்தவன். ஆகவே நான்கு குரல் எனக்குப் புதிதன்று. பயிற்சி பெற்ற இருபது பேர் பாட, சபை கேட்டிருப்பது எங்கள் வழக்கம். இங்கே ரொட்டிக் கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும் தத்தம் குரலை ஐயமின்றிப் பிடித்ததைக் கண்டு வியந்தேன்.

மறுமொழி (டொராண்டோ, ஸ்காபரோ)

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். பாடசாலை விழா ஒன்றுக்கான குழுப்பாடல் ஒத்திகையில், “நீர் வாயை மட்டும் அசையும், சத்தம் வேண்டாம்” என்று ஓர் ஆசிரியை சொன்னார். அப்போது எனக்குப் பத்து வயது. அதன்பின் நாற்பது ஆண்டுகள், பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூட வாய்க்குள்ளேதான் பாடினேன். இந்த நகரில் 2011 முதல் ‘கொயர்! கொயர்! கொயர்!’ என்று ஒன்று நடக்கிறது. தெரிவு ஏதுமின்றி, வருகின்ற எல்லோருக்கும் பாடல் வரிகள் எழுதிய தாளைக் கொடுத்து, உயர்ந்த குரல், தாழ்ந்த குரல் என்று பிரித்து, ஒரே மாலைக்குள் ஒரு பாட்டைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். மகள் பலமுறை அழைத்தும் நான் போகவில்லை. சுருதி பிசகினால் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பாரோ என்ற பயம் இன்னும் போகவில்லை. நீங்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டீர்களே, அப்போது யாராவது திரும்பிப் பார்த்தார்களா?

தொடக்கப் பதிவாளர்

தங்கை, ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் குறிப்பிட்ட அந்தப் பெரியவர்தான். முகம் சுளிக்கவில்லை, தாம் பாடிக்கொண்டே என் பக்கம் சற்று நகர்ந்து, என் காதருகே தம் குரல் கேட்கும்படி நின்றுகொண்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். மகளை அழைத்துக்கொண்டு போங்கள். தாழ்ந்த குரல் பிரிவில், நடுவரிசையில், நன்றாகப் பாடுகிற ஒருவருக்கு முன்னால் நில்லுங்கள். பின்னாலிருந்து வரும் குரல் காதில் நேராக விழும்.

அட்லாண்டா அன்பருக்கு: தங்கள் தாயாரின் பெயரை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த மூதாட்டியை நான் நேற்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டுப் பட்டறை நாளில் நம் மரபிலிருந்து ஒரு மணி நேரம் நடத்த இயலுமா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க எல்லோரும் திருப்பிப் பாடும் மருதாநல்லூர் சுவாமிகள் வழிவந்த நாமசங்கீர்த்தன பஜனையா, வட்டத்தில் கைதட்டி ஆடும் கும்மியா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கும்மி என்றால் குலவையோடு முடிக்கலாம். அதற்குப் பொருள் சொல்ல எனக்குத் தெரியும். நடவுப் பாட்டு அறிந்தவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.