டி அண்ட் டி 5ஆம் பதிப்பில் சாமுராய்: கட்டானாவுக்கு கிரேட் வெப்பன் மாஸ்டர் சரிவருமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டத்தில் புது கேம்பெய்ன் (தொடர்கதை ஆட்டம்) தொடங்குகிறது. 2014 விதிகள், 27 புள்ளி பாயின்ட் பை (திறன் ஸ்கோர்களைப் புள்ளி கொடுத்து வாங்கும் முறை), லெவல் 3இல் ஆரம்பம். பார்ட்டியில் (என் குழுவில்) கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (மறைந்து செயல்படும் திருடன்) இருக்கிறார்கள். நான் வேரியண்ட் ஹியூமன் (தொடக்கத்திலேயே ஒரு ஃபீட், அதாவது சிறப்புத் திறமை, பெறும் மனிதன்) ஃபைட்டர், சாமுராய் சப்கிளாஸ் (ஃபைட்டருக்குள் ஓர் உட்பிரிவு). வலக்கையில் கட்டானா (நீளவாள்), இடக்கையில் வாகிசாஷி (குட்டைவாள்), ஃபீட் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்று வைத்திருக்கிறேன். விஸ்டம் சேவ் (மனதைத் தாக்கும் மந்திரங்களைத் தடுக்கும் உருட்டு) பலவீனமாக இருப்பதால் லெவல் 4இல் அதற்குத் தேர்ச்சி தரும் ரெசிலியன்ட் ஃபீட் எடுக்கலாமா என்றும் யோசனை. இதில் ஏதாவது இடிக்கிறதா? ஸ்கோர்களை எப்படிப் பிரிப்பது?

பதில் 1

மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, விதிப்புத்தகத்தின்படி கட்டானா என்றால் லாங்ஸ்வார்ட்: ஒரு கையில் டி8 (எட்டு முகப் பகடை), இரு கையில் டி10 (பத்து முகம்). அதற்கு ‘ஹெவி’ என்ற தன்மை கிடையாது. கிரேட் வெப்பன் மாஸ்டரின் -5/+10 (அடிக்கும் உருட்டில் 5 குறைத்து, பட்டால் டேமேஜில் 10 கூட்டுவது) ஹெவி ஆயுதத்துக்கு மட்டும்தான். கிரிட் (டி20 பகடையில் 20 விழும் அடி) அடித்தாலோ எதிரியை வீழ்த்தினாலோ கிடைக்கும் கூடுதல் அடி மட்டும் எந்தக் கைகலப்பு ஆயுதத்துக்கும் வரும். அதற்காக ஒரு முழு ஃபீட்டைச் செலவழிப்பது நஷ்டம்.

இரண்டாவது, இரு கத்தி. லாங்ஸ்வார்ட் ‘லைட்’ ஆயுதம் அல்ல, ஆகவே டூயல் வீல்டர் ஃபீட் இல்லாமல் இடக்கை அடியே கிடையாது. அந்த ஃபீட்டை எடுத்தாலும் சிக்கல் தீராது. இடக்கை அடிக்கு, டர்னுக்கு ஒருமுறை மட்டுமே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், சாமுராயின் திறனான ஃபைட்டிங் ஸ்பிரிட்டுக்கும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான். செகண்ட் விண்டும் (ஃபைட்டர் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும் திறன்) அதே வரிசையில் நிற்கிறது. சாமுராயின் உயிரே ஃபைட்டிங் ஸ்பிரிட்தான். அந்த டர்ன் முடியும்வரை எல்லா ஆயுத அடிக்கும் அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுப்பது), கூடவே 5 தற்காலிக எச்பி (உயிர்ப்புள்ளி). லாங் ரெஸ்டுக்கு இடையில் 3 முறை. போனஸ் ஆக்‌ஷனைப் பிடித்துக்கொள்ளும் எதையும் இதோடு சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, ரெசிலியன்ட் வேண்டாம். லெவல் 7இல் சாமுராய்க்கு வரும் எலிகன்ட் கோர்ட்டியர் விஸ்டம் சேவ் புரொஃபிஷியன்சியை (தேர்ச்சியை) இலவசமாகவே தருகிறது. லெவல் 4இல் ஸ்ட்ரெங்த்தை 18 ஆக்குங்கள். ஃபைட்டருக்கு 6இலும் 8இலும் மறுபடி வாய்ப்பு வரும்.

வாள் வைத்துத்தான் ஆடுவேன் என்றால் என் பரிந்துரை: ஸ்ட்ரெங்த் 15, கான்ஸ்டிட்யூஷன் 14, விஸ்டம் 13, கரிஸ்மா 12, டெக்ஸ்டெரிட்டி 10, இன்டெலிஜன்ஸ் 8. 9+7+5+4+2+0, சரியாக 27. மனித இனத்துக்கான +1 இரண்டையும் ஸ்ட்ரெங்த்துக்கும் விஸ்டமுக்கும் போட்டால் 16, 14 என்று முடியும். விஸ்டம் 14 வீணல்ல. லெவல் 7க்குப் பிறகு பெர்சுவேஷனில் (பேசி இணங்க வைப்பதில்) கரிஸ்மாவோடு விஸ்டம் மாடிஃபையரும் (ஸ்கோரிலிருந்து வரும் கூட்டல் எண்) கூடுகிறது: 1+2, புரொஃபிஷியன்சி 3, ஆக +6. உங்கள் பார்ட்டியில் பேச்சுவார்த்தைக்கு ஆளில்லை, அந்த இடத்தை இவர் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு, லெவல் 3இல் கிடைக்கும் கூடுதல் புரொஃபிஷியன்சியைப் பெர்சுவேஷனுக்கே கொடுத்துவிடுங்கள்.

பதில் 2

வாளை விட்டு வில்லையும் ஒருமுறை பாருங்கள். இது விதிக்காக மட்டும் சொல்வதல்ல. ஆரம்பகால சாமுராய் முதலில் குதிரைமேல் இருந்து அம்பெய்த வீரன். அவர்கள் வழியையே ‘வில்லும் குதிரையும்’ என்றுதான் அழைத்தார்கள். யூமி வில் இரண்டு மீட்டரைத் தாண்டும், கைப்பிடி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கும். நீளவாளும் குட்டைவாளும் ஜோடியாக இடுப்பில் செருகிய உருவம் எடோ காலத்தில்தான் (1603–1868) சாமுராய்க்கே உரிய அடையாளமாக நிலைத்தது.

இப்போது கணக்கு. லெவல் 5, டெக்ஸ் 18, ஆர்ச்சரி ஸ்டைல், லாங்போ: அடிக்கு +9. எதிரியின் ஏசி (அடி படுவதற்கு உருட்டு எட்ட வேண்டிய எண்) 15 என்று வையுங்கள். சாதாரணமாக எய்தால் 75% படும், சராசரி 8.5, அதாவது அம்புக்கு 6.4. வில்லுக்கான ஃபீட்டான ஷார்ப்ஷூட்டரின் -5/+10 எடுத்தால் 50%, 18.5, அம்புக்கு 9.25. அதற்குமேல் ஃபைட்டிங் ஸ்பிரிட் போட்டால் 75% ஆகி அம்புக்கு 13.9. அதே டர்னில் ஆக்‌ஷன் சர்ஜ் (இன்னொரு முறை தாக்கும் வாய்ப்பு) சேர்த்தால் நாலு அம்பு, சுமார் 55 டேமேஜ். கிரிட்டைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

கவனிக்க வேண்டியது ஒன்று. எதிரி 5 அடிக்குள் நின்றால் வில்லுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு டி20இல் சிறியதை எடுப்பது). ஃபைட்டிங் ஸ்பிரிட் போட்டாலும் இரண்டும் கழிந்து வெறும் ஒற்றை டி20 உருட்டுவீர்கள், மூன்றில் ஒன்று வீணாகிவிடும். முதலில் நகருங்கள், பிறகு போடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. வில் கணக்கு பிரமாதம், ஆனாலும் வாள்தான் என் மனதில் இருக்கிறது. அப்படியானால் கட்டானாவை ஒரு கையில் பிடித்து டூயலிங் ஸ்டைலா, இரு கையில் பிடித்து கிரேட் வெப்பன் ஃபைட்டிங்கா?

பதில் 1

லாங்ஸ்வார்டோடு நின்றால் டூயலிங். டி8+2 சராசரி 6.5. இரு கையில் டி10, ஒன்றும் இரண்டும் விழுந்தால் மறுபடி உருட்டினாலும் சராசரி 6.3தான். ஆனால் கட்டானாவை ஒற்றைக் கையில் சுழற்றுவது உங்கள் மனதில் இருக்கும் படத்தோடு ஒட்டாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கேரக்டர் ஷீட்டில் கிரேட்ஸ்வார்ட் எண்களை எழுதுங்கள்: 2டி6, ஹெவி, இரு கை. பெயரை நோதாச்சி என்று வையுங்கள், அது உண்மையிலேயே நீண்ட பெரிய வாள். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒத்துக்கொண்டால் கட்டானா என்றே அழைக்கலாம், எண்கள் மாறாதவரை ஆட்டத்தின் சமநிலை கெடாது. வாகிசாஷி ஷார்ட்ஸ்வார்டாக இடுப்பில் இருக்கட்டும். பெரிய வாளை வாசலில் வாங்கி வைத்துவிடும் சபைகளில் அதுதான் கைகொடுக்கும்.

இப்போது கிரேட் வெப்பன் மாஸ்டர் முழுதாக வேலை செய்யும். லெவல் 5, ஸ்ட்ரெங்த் 18, ஏசி 15: ஸ்டைலைச் சேர்க்காமல், சும்மா அடித்தால் 65% × 11 = 7.15. ஃபைட்டிங் ஸ்பிரிட்டோடு -5 எடுத்தால் 64% × 21 = 13.4. வில்லுக்குக் கிட்டத்தட்ட சமம். அட்வான்டேஜ் இல்லாதபோது ஏசி 18ஐத் தொட்டாலே -5 எடுப்பது நஷ்டம்.

எதிரி தரையில் விழுந்து கிடந்து நீங்கள் 5 அடிக்குள் இருந்தால் அட்வான்டேஜ் ஏற்கெனவே உங்கள் கையில். அப்போது ஃபைட்டிங் ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். தற்காலிக எச்பியும் ஒன்றன்மேல் ஒன்று சேராது. வேறு வழியில் கிடைத்த 8 உங்களிடம் இருந்தால் இந்த 5ஆல் பயனில்லை.

பதில் 3

எண்களை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலான சாமுராய் கேரக்டர்கள் ‘மானம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்று, இரண்டாவது செஷனிலேயே ரோக்கோடு சண்டை பிடிக்க ஆரம்பித்துவிடும். அவருக்கு மானம் யாரிடம், எதனால் என்பது எழுதப்படாததுதான் காரணம். சாமுராய் அடிப்படையில் சேவகன். பிரபுவுக்கு உழைக்கிறான், பிரபு நிலமோ நெல்லோ கொடுக்கிறார். அந்தக் கூலியை ‘கோக்கு’ என்ற அளவில் கணக்கிட்டார்கள். ஒரு கோக்கு சுமார் 180 லிட்டர் அரிசி, தோராயமாக ஓர் ஆளின் ஓராண்டு உணவு. எடோ காலத்தில் 10,000 கோக்கு நிலம் இருந்தால்தான் தைம்யோ, அதாவது பெருநிலப் பிரபு.

ஷீட்டில் இதை எழுதுங்கள்: பிரபுவின் பெயர், வருடத்துக்கு எத்தனை கோக்கு, அதில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள். ‘ஐம்பது கோக்கு, ஏழு வாய்’ என்று எழுதினாலே கேரக்டருக்கு ஒரு வீடு வந்துவிடும். டிஎம்முக்கும் அதை அசைக்க ஒரு பிடி கிடைக்கும்.

பிரபு இல்லாத ரோனின் வேண்டுமென்றால் 1600இல் நடந்த செகிகஹாரா போரைப் பாருங்கள். தோற்ற பக்கத்துப் பிரபுக்களில் பலர் நிலத்தை இழந்ததும், அவர்களை நம்பியிருந்த வீரர்கள் கூலியில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். கூலிக்குச் சாகசம் செய்யும் பார்ட்டியில் இப்படிப்பட்டவர் ஏன் இருக்கிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பேக்கிரவுண்ட் (கேரக்டரின் முன்வாழ்க்கை) சோல்ஜர் போதும்.

பெயர் வைக்கும்போது குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கவசத்துக்கு ஸ்பிளின்ட், ஏசி 17, 200 பொற்காசு, ஸ்ட்ரெங்த் 15 வேண்டும், உங்களிடம் 16 இருக்கிறது. சின்னத் தகடுகளைப் பட்டுக் கயிற்றால் கோத்த ஜப்பானியக் கவசத்துக்கு அட்டவணையில் இதுவே நெருக்கம். அதுவரை, தொடக்கத்தில் கிடைக்கும் செயின் மெயிலோடு (ஏசி 16) சமாளியுங்கள். இரண்டுமே ஸ்டெல்த்துக்கு (மறைந்து நகர்வதற்கு) டிஸ்அட்வான்டேஜ், ரோக்கிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

டிஎம் நடுவில் 2024 விதிகளுக்கு மாறப்போகிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே -5/+10 கிடையாது. கிரேட் வெப்பன் மாஸ்டர் அட்டாக் ஆக்‌ஷனில் ஹெவி ஆயுதத்துக்குப் புரொஃபிஷியன்சி அளவு டேமேஜ் மட்டும் கூட்டும், லெவல் 5இல் அது 3. மேலே போட்ட கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.