பரம்புக்கும் பாடைக்கும் என்ன உறவு?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. போன வாரம் திருவையாறு பக்கம் சொந்தத்தில் ஒரு சாவு. வாசலில் வந்து நின்ற வண்டியின் பக்கவாட்டில் 'அமரர் ஊர்தி', முன்கண்ணாடியில் இங்கிலீஷில் 'ஹெர்ஸ்'. "அப்படின்னா என்ன மாமா?" என்றாள் ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள்.

தேடினால் ஆச்சரியம். பழைய பிரெஞ்சில் அது உழுத வயலில் கட்டி உடைக்கும் பல் வைத்த பரம்பு! சர்ச்சில் சவப்பெட்டிக்கு மேல் மெழுகுவத்தி செருக முள்முள்ளாக ஒரு சட்டம் வைப்பார்கள். பரம்பு ஜாடை இருந்ததால் அதற்கும் அதே பெயர். அப்புறம் பாடைக்கு, 17ஆம் நூற்றாண்டில் வண்டிக்கு. 'ரிகர்சல்' கூட இதே வேர்தான், மறுபடி பரம்படிப்பது. (நாடகக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.)

சரி, என் கேள்விக்கு வருகிறேன். பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் வைத்துக் கட்டினால் எங்கள் பக்கம் பாடை, பூ ஜோடித்தால் பல்லக்கு. மன்னார்குடி, சீர்காழி, நாகை பக்கம் வேறு பெயர் உண்டா? அதன் கழிக்கோ கட்டுக்கோ ஏர், பரம்பு சார்ந்த சொல் ஏதாவது புழங்குகிறதா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.