மாமனாரின் உறைக் கணக்கும் ஈசான் கிராமத்து மொய்யும்

உத்ரெக்ட் மருமகள்

என் கணவர் டச்சுக்காரர். அவருடைய அப்பாவுக்கு 71 வயது, டிராம் ஓட்டியவர். 60 வயதில் வேலையை விட்டுவிட்டுத் தாய்லாந்தின் வடகிழக்கே, ஈசான் பகுதியில், உடோன் தானி நகரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மனைவியின் ஊருக்குக் குடிபோய்விட்டார். இரண்டாவது மனைவி, எனக்கு அவர்தான் மாமியார். சென்ற மாதம் மூன்று வாரம் அங்கே தங்கினோம். ஒரு வழக்கு என்னிடம் வந்தது. தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை, இங்கே வைக்கிறேன்.

காலை ஆறு மணிக்கெல்லாம் ஊர்த் தலைவரின் ஒலிபெருக்கி அலறத் தொடங்கிவிடும். முதலில் ஒரு பாட்டு, பிறகு அறிவிப்பு. யார் இறந்தார், எந்த வீட்டில் கல்யாணம், யார் மகன் துறவு பூணுகிறான். அறிவிப்பு முடிந்ததும் மாமியார் இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளை உறையை எடுப்பார். அந்த இழுப்பறைச் சத்தம் கேட்டதும் மாமனார் தன் நோட்டை எடுப்பார். கட்டம் போட்ட நோட்டு. தேதி, பெயர், காரணம், எத்தனை பாட் (தாய்லாந்துப் பணம்). சென்ற ஆண்டு 43 உறைகள், 14,700 பாட். கடைசிப் பத்தியின் தலைப்பு "திரும்பி வந்தது". அதன் கீழே பக்கம் பக்கமாகக் கோடுதான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மாமியாரின் தங்கையும் உட்கார்ந்திருக்கும்போதே, "நான் என்ன ஏடிஎம் இயந்திரமா?" என்று கேட்டுவிட்டார். யாரும் பதில் பேசவில்லை. மாமியார் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். உரலில் பப்பாளிக்காய் இடிக்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

இனிமேல் நெருங்கிய ஐந்து குடும்பங்களுக்கு மட்டும்தான் உறை என்று முடிவு செய்திருக்கிறார். சரியா?

கணக்குப்பிள்ளை

சரிதான் சகோதரி. வெள்ளைக்காரர் வீட்டில் பணம் காய்த்துத் தொங்குகிறது என்று நினைப்பவர்கள் அவருடைய வரவையும் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தின் ஏஓடபிள்யூ, அதாவது அரசு தரும் முதியோர் ஓய்வூதியம், அந்த நாட்டில் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீதமாக 50 ஆண்டுகளில் நிறைவது. அறுபதில் கிளம்பியவர் இடையில் தானாகச் சந்தா கட்டியிருக்காவிட்டால் சுமார் 12 சதவீதம் போயிருக்கும். மிச்சத்திலும் தனியாளுக்கு ஒரு கணக்கு, துணையோடு வாழ்பவருக்கு ஒரு கணக்கு: குறைந்தபட்ச ஊதியத்தில் 70 சதவீதம், அல்லது 50. உங்கள் மாமியாருக்கு அந்த ஓய்வூதியம் வர வழியில்லை. ஆக, அந்தப் பாதியில் இரண்டு வயிறு. குடிபெயர்ந்ததோடு நெதர்லாந்தின் அடிப்படை மருத்துவக் காப்பீடும் முடிந்தது. ஸ்பெயினுக்குப் போயிருந்தால் ஒப்பந்தப்படி வைத்தியமாவது கிடைத்திருக்கும். எழுபதைத் தாண்டியவர் தனியார் காப்பீட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று விசாரித்துப் பாருங்கள், மயக்கம் வரும்.

விசாவுக்காகத் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் முடங்கிக் கிடக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை "இன்னும் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதினொரு ஆண்டு வாழ்ந்தாலும் அந்த மண்ணில் ஒரு சென்ட் நிலம் அவர் பெயரில் வராது. அந்நியர் நிலம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வீட்டைக் கட்டியது அவர் காசு, மனை மனைவியின் பெயரில். இப்படிப்பட்டவர் 14,700 பாட்டைக் கணக்கு வைத்துக் கேட்டால் அது கஞ்சத்தனமா?

கோன் கேன் வாசி

இந்தப் பகுதியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு முதலில் ஒரு திருத்தம். 8 லட்சம் என்பது ஓய்வுபெற்றவராக விசா நீட்டிப்பதற்கு. மனைவி தாய்லாந்துக்காரர் என்றால் அந்த வழியில் 4 லட்சம் போதும். காகிதம் கொஞ்சம் கூடும்: வீட்டுப் படம், வழி காட்டும் வரைபடம், கணவனும் மனைவியும் வீட்டு வாசலில் நிற்கும் போட்டோ.

இனி உறைக்கு வருகிறேன். இதை நமக்கு ஒருவர் விளக்க வேண்டுமா? மொய் ஐயா, மொய்! தாய் மொழியில் "சாய் சோங்" என்பார்கள். உறையில் போடுவது என்று பொருள். உறைமேல் பெயர் எழுதியிருக்கும். வாங்கிய வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பெயரையும் தொகையையும் நோட்டில் ஏற்றுவார். நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்று என்றால் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்வார்கள். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து சாப்பிட்டவர்களுக்கு இதில் ஒரு வரிகூடப் புதிதல்ல.

சாவு வீட்டை ஒரு தடவை பாருங்கள். பெண்கள் ஆளுக்கொரு கிண்ணத்தில் அரிசி கொண்டுவருவார்கள், கூடவே ஒரு தாள் பணம். ஆண்கள் பந்தல் போடுவார்கள். சவத்தை எரிக்கும்வரை இரவெல்லாம் ஊர் அந்த வீட்டில்தான் விழித்திருக்கும். அடுப்பு அணையாது. இவ்வளவு செலவையும் ஒரு குடும்பம் தனியாகத் தாங்குமா? ஐந்து வீட்டுக்கு மட்டும் செய்வேன் என்று ஒரு குடும்பம் அறிவிப்பது, மற்ற வீடுகளின் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். அந்தக் கதவுக்கு வெளியே நிற்கப் போவது டச்சுக்காரர் அல்ல, அவருடைய மனைவி.

கணக்குப்பிள்ளை

மொய் என்றால் திரும்பி வர வேண்டும். திரும்பாதது மொய் அல்ல, வரி. அவருக்குப் பெண் இல்லை, கட்டிக்கொடுக்க. துறவு பூண மகன் அங்கே இல்லை. அவர் வீட்டில் எந்த விசேஷம் நடக்கப் போகிறது? அவருடைய சாவு ஒன்றுதான். அந்த மொய்யை அவர் எண்ணிப் பார்க்கவா போகிறார்?

கோவிலுக்குக் கேட்டு வரும் உறைகளையும் மறந்துவிட்டீர்கள். மழைக்காலத் தவம் முடிந்ததும், துறவிகளுக்கு ஆடை வழங்கும் கதின் விழாவுக்கு அச்சடித்த உறைகள் கட்டுக்கட்டாக வரும். அதற்கு எந்த நோட்டில் வரவு?

ரோட்டர்டாம் பெரியவர்

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெதர்லாந்தில் நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். உங்கள் மாமனார் மாதிரி மனிதர்களோடு வேலை செய்து, அவர்கள் வீட்டுச் சுகதுக்கங்களுக்குப் போய் வந்தவன். கணக்குப்பிள்ளை ஒன்றைச் சொல்லாமல் விட்டார்: டிராம் ஓட்டியவருக்கு ஏஓடபிள்யூவோடு நிறுவன ஓய்வூதியமும் வரும். பட்டினி கிடக்கிற ஆள் இல்லை.

ஆனால் அந்த நோட்டை வைத்து அவரைக் கருமி என்று சொல்லாதீர்கள். இவர்கள் வளர்ந்த விதம் அது. யாருக்கும் கடன்படக் கூடாது, யாரும் தனக்குக் கடன்படக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து காப்பி குடித்தாலும், வீட்டுக்குப் போய்ச் சேருமுன் "உன் பங்கு இரண்டு யூரோ நாற்பது" என்று டிக்கி செயலியில் செய்தி வந்துவிடும். முதலில் எனக்கு வயிறு எரிந்தது. பிறகுதான் புரிந்தது: கணக்கைத் தீர்த்துவிட்டால் நாளைக்கு மனதில் ஒன்றும் இல்லாமல் சந்திக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

ஈசானில் தலைகீழ். கணக்கைத் தீர்த்துவிட்டால் உறவு முடிந்தது. தீராமல் இருந்தால்தான் நாளைக்கும் வருவார்கள். பாவம், டிராம் ஓட்டியவர் தண்டவாளம் இல்லாத ஊரில் போய் இறங்கியிருக்கிறார்.

கோன் கேன் வாசி

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு வேடிக்கை: ஆளுக்காள் பங்கு போட்டுக் காசு கொடுப்பதை ஆங்கிலேயர் "கோ டச்" என்று டச்சுக்காரர் தலையில் கட்டினார்கள் அல்லவா? தாய்லாந்தில் அந்தப் பழக்கத்தின் பெயர் "அமெரிக்கன் ஷேர்". டச்சுக்காரர் தப்பித்தார். இங்கே வழக்கம் என்னவென்றால், கூட்டத்தில் மூத்தவர் அல்லது வசதியுள்ளவர் மொத்தமாகக் கொடுத்துவிடுவார். இந்த ஊர்க்கண்ணில் ஃபராங், அதாவது வெள்ளைக்காரர், இரண்டுமாக இருக்கிறார். அதுதான் அவருடைய தலைவலி.

சகோதரியிடம் ஒரு கேள்வி. மாமனார் எப்போதாவது பெரிய நோயிலிருந்தோ விபத்திலிருந்தோ பிழைத்து வந்தாரா? வந்தபோது நலம் வேண்டிக் கையில் வெள்ளை நூல் கட்டினார்களா?

உத்ரெக்ட் மருமகள்

உங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அங்கே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும். வலப்பக்கமே பழகிய மனிதர், ஒரு திருப்பத்தில் கவனம் பிசகிவிட்டது. வீடு திரும்பிய அன்று ஊரே வந்து நூல் கட்டியதாம். அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு முன்கைகளிலும் நூல், பட்டாளக்காரனுக்குக் கட்டுப் போட்டது மாதிரி.

கோன் கேன் வாசி

அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூலில் வேறு என்ன தெரிகிறது?

உத்ரெக்ட் மருமகள்

என் கைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பணம்! நூலோடு நூலாகச் சுருட்டிக் கட்டிய தாள்கள். பச்சை நிறத்தில் இருபது பாட் தாள்கள் நிறைய, சிவப்பில் நூறு பாட் நான்கைந்து. மூன்று வாரம் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

நேற்று மாமனாரைத் தொலைபேசியில் கேட்டேன். "அது சடங்கு அலங்காரம். நூலை அவிழ்த்தபோது அவள் எடுத்து வைத்துவிட்டாள்" என்றார். பிறகு மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன். எங்களுக்குள் பேச்சு அரைகுறை ஆங்கிலத்தில்தான். "நோட்டு உண்டா?" என்று கேட்டேன். சிரித்தார். இழுப்பறையில் உறைக் கட்டுக்கு அடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டு ஒன்று இருக்கிறது. அவருடைய அம்மா இறந்த நாளிலிருந்து எழுதி வருகிறாராம். மருத்துவமனைக்கு வந்தவர்கள், நூல் கட்டியவர்கள், முட்டையும் வாழைப்பழமும் கொண்டுவந்தவர்கள் உட்பட எல்லாப் பெயரும் அதில் இருக்கின்றன. நூலில் கட்டியது மட்டும் 2,860 பாட்.

கோன் கேன் வாசி

"திரும்பி வந்தது" பத்தியில் கோடு போட்டாரே, அந்தப் பணம் அவர் மணிக்கட்டிலேயே கட்டியிருந்தது!

கணக்குப்பிள்ளை

நெகிழ்ச்சியான கதைதான். நானும் மனிதன்தான். ஆனால் ஓர் ஆண்டில் போனது 14,700, பதினொரு ஆண்டில் வந்தது 2,860. இதைக் காட்டி என் வாயை அடைக்க முடியாது. இருபது பாட் கட்டிய ஏழையை நான் குறை சொல்லவில்லை. அவருடைய இருபது பெரியது. நான் கேட்பது வேறு. இவ்வளவு ஆண்டுகளாக அந்த அம்மாள் ஏன் தன் நோட்டைக் கணவருக்குக் காட்டவில்லை? இரண்டு நோட்டும் ஒரே இழுப்பறைக்கு அருகிலேயே இருந்திருக்கின்றன.

இன்னொன்று. நாளைக்கே மாமியார் முதலில் போய்விட்டால்? மனை அவருடைய உறவினருக்குப் போகும், அல்லது கணவருக்கு வாரிசுரிமை வந்தாலும் அந்நியர் என்பதால் விற்றுவிட வேண்டிவரும். உறைக்குப் பதில் உறை வரும். வீட்டுக்குப் பதில் என்ன வரும்? அனுபவ உரிமையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று நிலப் பத்திரத்தின் பின்பக்கத்திலேயே எழுதித் தருவார்கள். ஒலிபெருக்கியைத் திட்டுவதற்கு முன்பு இதைச் செய்திருக்க வேண்டும்.

கோன் கேன் வாசி

இதில் ஐயாவோடு சண்டையில்லை. ஒரு சிக்கல் மட்டும்: கணவன் மனைவிக்கிடையே எழுதும் ஒப்பந்தத்தைப் பின்னால் ரத்துசெய்யச் சட்டத்தில் வழியுண்டு என்று சொல்லிச் சில நில அலுவலகங்களில் பதிவு செய்ய மறுக்கிறார்கள். ஊருக்கு ஊர் மாறும். நேரில் போய்க் கேட்பதுதான் ஒரே வழி.

நோட்டை ஏன் காட்டவில்லை என்றால், யார் எவ்வளவு செய்தார்கள் என்று வீட்டில் உரக்கப் பேசுவதே இங்கே அழகில்லை. எழுதி வைப்பார்கள், சொல்லிக்காட்ட மாட்டார்கள்.

ரோட்டர்டாம் பெரியவர்

மற்றவருக்குச் சொல்லாமலேயே எல்லாம் புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை தம்பி. டச்சுக்காரருக்கு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். குறிப்பால் உணர்த்தினால் குறிப்பும் போய்ச் சேராது, கோபமும் தீராது. உரலில் இடித்துக் காட்டினால் அவர் சாலட் தயாராகிறது என்றுதான் நினைப்பார்.

உத்ரெக்ட் மருமகள்

பெரியவரே, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறார்! "அன்றைக்கு அவள் கோபமாகவா இருந்தாள்?" என்று நேற்று என்னிடம் கேட்டார்.

இன்று காலை மீண்டும் பேசினேன். இரண்டு நோட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறார்கள். தாய் எழுத்து அவருக்குப் படிக்க வராது. மாமியார் பெயரைச் சொல்லச் சொல்ல, இவர் தன் நோட்டின் கடைசிப் பத்தியில் பென்சிலால் ஏற்றுகிறார். முட்டைக்கு விலை போடலாமா என்று கேட்டாராம், கூடாது என்று மாமியார் கையைத் தட்டிவிட்டாராம். ஐந்து குடும்பத் திட்டம் இன்னும் கைவிடப்படவில்லை. எட்டாகியிருக்கிறது. கோவில் உறைகள் பற்றிப் பேச்சு எடுக்கவே வேண்டாம் என்று எனக்கு உத்தரவு.

அனுபவ உரிமை என்றதும் மாமியார் தயங்குவார் என்று பயந்தேன். "செவ்வாய்க்கிழமை போகலாம், மூத்த தம்பியும் வரட்டும், நாளைக்கு யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது" என்றார்.

கணக்குப்பிள்ளை

தம்பியைச் சாட்சியாக அழைத்துப் போகிறார் பாருங்கள், அவர் எனக்கே பாடம் எடுப்பார். நில அலுவலகத்துக்கு இரண்டு பேரின் திருமணச் சான்றும் மாமனாருடைய பாஸ்போர்ட்டும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். நகல்களில் கையெழுத்துப் போட நீலப் பேனா.

உத்ரெக்ட் மருமகள்

சொல்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கி கேட்டது. மூன்றாவது தெருவில் ஒரு பாட்டி இறந்துவிட்டாராம். மாமனார் தொலைபேசியைக் கீழே வைக்காமலேயே, "அந்த வீட்டிலிருந்து என் கையில் எவ்வளவு கட்டினார்கள்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அறுபது."

இழுப்பறைச் சத்தம் எனக்கு உத்ரெக்ட்வரை கேட்டது.