கிளாவிக்கிளைக் கையில் கொடுத்தால் வாய் அடைத்துக்கொள்கிறது

கேள்வி – ஃபர்ஸ்ட் இயர் தம்பி:
அண்ணன்களே, அக்காக்களே, நான் அரசுப் பள்ளி, தமிழ் வழி. இரண்டாவது தடவை நீட் எழுதி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் சீட் கிடைத்தது. ஃபீஸை அரசே கட்டுவதால் பணக் கவலை இல்லை. ஊர் பஸ் ஸ்டாப்பில் என் படம் போட்ட ஃபிளெக்ஸ் இன்னும் தொங்குகிறது. அதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

போன வாரம் அனாடமி வைவா, அதாவது உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு. கிளாவிக்கிளை, அதாவது காறை எலும்பை, கையில் கொடுத்து, வலதா இடதா, எப்படிச் சொல்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வியர்வையில் எலும்பு வழுக்கியதுதான் மிச்சம். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. ராத்திரி அம்மா போன் செய்தால் "சாப்பிட்டேன்மா" என்று பொய் சொல்கிறேன். பேசாமல் டிஸ்கன்டினியூ பண்ணிவிடலாமா?

பதில் – ஹவுஸ் சர்ஜன் அக்கா:
அவசரப்படாதே தம்பி. என் முதல் இன்டர்னலில் அனாடமி 50க்கு 17. பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாடையில் கண் எரிந்ததா, அழுதேனா என்று எனக்கே தெரியாது.

ஃபொராமென் என்றால் துளை, ஃபோஸா என்றால் பள்ளம். எல்லாம் லத்தீன், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கும் அது புதுசுதான். புத்தக ஓரத்தில் தமிழில் எழுதிவை. அப்புறம் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்: தட்டையான முனை தோள் பக்கம், உருண்டையான முனை நெஞ்சுப் பக்கம், நீளவாக்கில் பள்ளம் ஓடும் முகம் கீழே, நெஞ்சுப் பக்க வளைவு முன்னால் புடைத்திருக்கும். இதையே நாலு வரி இங்கிலீஷில் ரூம்மேட்டிடம் தினமும் ஒப்பி. மனசுக்குள் படித்தால் வைவாவில் வராது.

பதில் – பழைய பெஞ்ச்:
நீட்டையே தாண்டியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? தைரியமாக இரு ப்ரோ.

பதில் – பிஜி, ஃபிசியாலஜி:
"தைரியமாக இரு" என்று சொன்னால் தூக்கம் வந்துவிடுமா? தம்பி, விடிய விடியப் படிக்காதே; தூங்கினால்தான் படித்தது தங்கும். சோறும் தூக்கமும் இப்படியே போனால் தள்ளிப்போடாமல் சைக்யாட்ரி (மனநல) ஓபியில் காட்டு. அங்கே தெரிந்த முகம் இருக்கும் என்று கூச்சமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அம்மாவிடம் மார்க்கைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடவில்லை என்பதையாவது சொல்.

ஃபர்ஸ்ட் இயர் தம்பி:
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு வருகிறாராம். நேற்று ரூம்மேட் எலும்பை நீட்டினான். நாலு வரி இங்கிலீஷில் சொல்லி "லெஃப்ட்" என்று முடித்தேன். அது ரைட்டாம். மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.