புதுப்பிப்பு: ஏர் ரைபிள் விசை சரியாச்சு

மலேசியாவின் சுபாங் சுடுதளத்தில் நான் எடுக்கும் கிளப் ஏர் ரைபிளின் விசை கரகரக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா? சியரை (விசையை இழுக்கும்வரை சுடும் பொறியைப் பிடித்து வைக்கும் பாகம்) உப்புத்தாளில் தேய்க்கச் சொன்ன யோசனையை ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அண்ணனிடம் சொன்னேன். “கடினப்படுத்திய மேல்பரப்பு போயிட்டா திரும்ப வராது, தம்பி” என்றார்.

குழல் காலியா என்று பார்த்து, பிசினாகிப்போன பழைய எண்ணெயைத் துடைத்தார். பாதிக் கரகரப்பு அங்கேயே போச்சு! அப்புறம் விசையைச் சரிசெய்யும் திருகைக் கால் சுற்றுதான் திருப்பினார். அதிர்ச்சியில் தானாகச் சுடுமா என்று பார்க்க, குண்டில்லாமல் விசையேற்றி, துப்பாக்கிக் கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டினார், விசை விழவில்லை.

போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடை வேண்டும்; ஏர் ரைபிளுக்கு அந்த வரம்பில்லை. அதற்காக மூச்சுப் பட்டாலே வெடிக்கிற மாதிரி வைப்பார்களா? மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி இதுவும் ஆயுதம்தான்.