சர்க்கரை நோயாளியின் கண் படத்தைப் பார்த்து மென்பொருளே முடிவு சொல்லலாமா?

வைகை_டாக்டர்:
நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை வாங்க வரும் சர்க்கரை நோயாளிக்கு அங்கேயே விழித்திரையைப் படம் எடுக்கிறோம். மென்பொருள் அதைப் பார்த்து "கண் டாக்டரிடம் போங்கள்" அல்லது "அடுத்த வருடம் வாருங்கள்" என்று சொல்கிறது. இதற்கு நடுவில் ஒரு கண் மருத்துவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள். இத்தனை பேருக்கும் வருடா வருடம் விழித்திரையைப் பார்க்க நம்மிடம் கண் மருத்துவர்கள் கிடையாது. சர்க்கரையால் விழித்திரைக்கு வரும் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. மங்குகிறது என்று ஆள் வரும்போது பாதிக் காரியம் கெட்டிருக்கும்.

மென்பொருள் சோதிக்கப்படாத சரக்கும் அல்ல. 2016இல் கூகுள் குழு ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வுக்கு 1,28,175 படங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள், தரம் பிரித்தது அமெரிக்கக் கண் மருத்துவர்களும் மூத்த பயிற்சி மருத்துவர்களுமாக 54 பேர். 2019இல் வந்த அடுத்த ஆய்வு மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நடந்தது. நோய் இருந்தவர்களில் அரவிந்தில் 88.9 சதவீதம், சங்கரவில் 92.1 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது. இன்னும் என்ன வேண்டும்?

எக்ஸ்ரே_பாண்டி:
சார், நீங்கள் சொன்ன இரண்டுமே கண் ஆஸ்பத்திரி. அங்கே இருட்டறை இருக்கும், நாள் முழுக்க அந்தக் கேமராவே கதி என்று இருக்கிற ஆள் இருப்பார். சுகாதார நிலையத்தில் யார் எடுப்பது? தடுப்பூசி, பிரசவம், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஓடுகிற அதே நர்ஸம்மாதானே? தாய்லாந்தில் இதே கூகுள் மென்பொருளை 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்து 2020இல் எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று மென்பொருளே தள்ளிவிட்டது. பல இடங்களில் அறையை இருட்டாக்க வழியில்லை. இணையம் மெதுவாக இருந்ததால் படம் ஏறுவதற்குள் வரிசை நீண்டுவிட்டது. படம் சரியில்லை என்றால் நோயாளியைத் தூரத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்குப் பயந்து நோயாளிகளிடம் "இதில் சேராமலே இருந்துவிடுங்கள்" என்று சொன்ன நர்ஸ்களும் உண்டு. வயதானவர்களுக்குக் கண்மணி சுருங்கியிருக்கும், பாதிப் பேருக்குப் புரை வேறு. படமே விழாது சார். மென்பொருள் கெட்டிக்காரத்தனம் எல்லாம் படம் விழுந்த பிறகுதான்.

கோடெழுதி:
பாண்டி அண்ணே, அந்த 21 சதவீதத்தை நான் அப்படியே திருப்பிப் போடுகிறேன். மங்கலான படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் "தெரியவில்லை" என்று ஒரு இயந்திரம் ஒதுங்குவது நல்ல குணமா, கெட்ட குணமா? அப்புறம் கதையை 2020இலேயே நிறுத்திவிட்டீர்கள். அதே தாய்லாந்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த முடிவு 2022இல் வந்தது. மென்பொருள் நோயைப் பிடித்த விகிதம் 91.4 சதவீதம், அங்கேயே அதே படங்களைப் பார்த்த விழித்திரை நிபுணர்களுக்கு 84.8. நோய் இல்லாதவரை இல்லை என்று சொன்னதில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

நிகழ்தகவு:
சதவீதத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வட்டாரத்தில் 1,000 சர்க்கரை நோயாளிகள், அதில் உண்மையிலேயே அனுப்பப்பட வேண்டியவர்கள் 50 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண் என்னுடையது, ஊருக்கு ஊர் மாறும்). நோயைப் பிடிக்கும் திறன் 90, இல்லாததை இல்லை எனும் திறன் 92 என்றால், 45 பேர் பிடிபடுவார்கள், 5 பேர் தப்புவார்கள், நோய் இல்லாத 950 பேரில் 76 பேருக்கும் "போ" என்று சீட்டு வரும். ஆக 121 சீட்டில் 76 வெறும் சீட்டு. ஒருநாள் கூலியை விட்டு, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவர் அந்த 76இல் ஒருவர்.

இன்னொன்று, யாரும் இங்கே கேட்காதது. 2016 ஆய்வில் அதே மென்பொருளுக்கு இரண்டு விதமான முடிவுகள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அமைப்பில் 90.3, 98.1, இன்னொரு அமைப்பில் 97.5, 93.4. முதல் எண் நோயைப் பிடிப்பது, இரண்டாவது வெறும் சீட்டைத் தவிர்ப்பது. குமிழை எந்தப் பக்கம் திருகுவது என்பது மருத்துவ முடிவு, பணம் சார்ந்த முடிவும்கூட. அதை எடுப்பது கம்பெனியா, சுகாதாரத் துறையா, வைகை டாக்டரா?

வைகை_டாக்டர்:
76 பேர் வீணாகப் போகிறார்கள் என்று ஏன் சொல்கிறீர்கள்? சர்க்கரை வந்து பத்து வருடம் ஆன ஆள், ஒருமுறைகூடச் சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் பார்த்ததில்லை. அவர் ஒரு தடவை கண் டாக்டரிடம் போனால் என்ன குடி முழுகிவிடும்? நீங்கள் எல்லோரும் மென்பொருளை ஒரு நல்ல கண் டாக்டரோடு ஒப்பிடுகிறீர்கள். என் கிராமத்தில் அதற்குப் போட்டி கண் டாக்டர் இல்லை, யாருமே பார்க்காத நிலைமைதான்.

எக்ஸ்ரே_பாண்டி:
"ஒன்றும் இல்லாததற்கு இது மேல்" என்று சொல்லித்தான் எல்லாக் குப்பையும் நம் தலையில் வந்து விழுகிறது. நான் மார்பு எக்ஸ்ரே ஆள், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். 2018இல் அமெரிக்காவில் நிமோனியா கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சோதித்தார்கள். பழகிய மருத்துவமனையில் நன்றாக இருந்தது, வேறு மருத்துவமனைப் படத்தில் பல தடவை சறுக்கியது. தோண்டிப் பார்த்தால் படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை அது கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு சரியாகக் கண்டுபிடிக்கும். இடது வலது காட்ட நாங்கள் வைக்கிற உலோக எழுத்துகூட அதற்குத் துப்பு. ஒரு மருத்துவமனையில் மூன்றில் ஒருவருக்கு நிமோனியா, இன்னொன்றில் நூறில் ஒருவருக்கு. இடம் தெரிந்தால் பாதி விடை தெரிந்த மாதிரி. பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதி பாஸானவனை வேறு ஹாலில் உட்கார வைத்ததுபோல ஆகிவிட்டது. இசிஜியையும் பாருங்கள். மெஷின் தாளின் மேலேயே ஏதோ நோய்ப் பெயரை அச்சடித்துத் தள்ளும், அதை டாக்டர் அடித்துவிட்டுத் தானாகப் படிப்பார். கம்ப்யூட்டர் இசிஜி படிக்க ஆரம்பித்தது 1960களுக்குச் சற்று முன்பின். இன்னும் அதைத் தனியாக விடவில்லையே?

கோடெழுதி:
அதற்கு வழி புது இடத்துப் படங்களில் சோதித்துவிட்டு இறக்குவது. எக்ஸ்ரேயிலேயே 2021இல் உலக சுகாதார நிறுவனம் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க, ஆள் படிப்பதற்குப் பதிலாக மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் :)

தேனிக்காரி:
நீங்கள் எல்லோரும் எண்ணில் சண்டை போடுகிறீர்கள், நான் வீட்டுப் பக்கத்திலிருந்து கேட்கிறேன். ஒரு முகாமில் அம்மாவுக்கு இப்படிப் படம் எடுத்து "சர்க்கரைப் பாதிப்பு இல்லை" என்று தாள் கொடுத்தார்கள். அம்மா அதைப் பீரோவில் பத்திரப்படுத்திவிட்டு "கண்ணு நல்லா இருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுவருடம் வேறு எதற்கோ கண் டாக்டரிடம் போனபோது கண் அழுத்த நோய் தெரியவந்தது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. சர்க்கரைப் பாதிப்பு மட்டும் பார்க்கச் சொன்னார்கள், அதை மட்டும் பார்த்தது. ஒரு கண் டாக்டர் அதே படத்தைப் பார்த்திருந்தால் அழுத்த நோயைக் காட்டிக்கொடுக்கும் பார்வை நரம்பு வட்டில் அவர் கண் போயிருக்காதா? போகாமலும் இருந்திருக்கலாம், தெரியாது. ஆனால் அவரிடம் போய் ஏன் என்று கேட்கலாம். இதில் யாரிடம் கேட்பது?

நிகழ்தகவு:
தேனிக்காரி அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. 2018 ஏப்ரலில், மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏ முதன்முதலாக, டாக்டர் பார்க்காமலே முடிவு சொல்லும் ஒரு விழித்திரை மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. 900 பேரிடம் சோதித்தது, பிடிக்கும் திறன் 87 சதவீதம். அதை உருவாக்கியவர் மைக்கேல் ஆப்ராமோஃப், அவரே விழித்திரை மருத்துவர். முடிவு தப்பானால் பொறுப்பு எங்கள் கம்பெனியுடையது என்று அவர்கள் சொன்னார்கள். இங்கே விற்க வருகிறவர்களிடமும் அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள் டாக்டர். எழுதினால் நான் உங்கள் கட்சி.

வைகை_டாக்டர்:
எழுதச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. தாளில் "இது சர்க்கரைப் பாதிப்பு மட்டும், கண் அழுத்தமும் புரையும் பார்க்கவில்லை" என்று கொட்டை எழுத்தில் தமிழில் அடிக்கவும் வேண்டும். ஆனால் அதற்காக ஒவ்வொரு படத்துக்கும் கையெழுத்து என்பதை ஏற்க மாட்டேன். நூறு படத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் நாற்பதாவது படத்துக்கு மேல் பார்த்தா போடுகிறார்?

எக்ஸ்ரே_பாண்டி:
சரி, கையெழுத்தை விடுங்கள். மென்பொருள் தள்ளிய அந்த ஐந்தில் ஒரு படத்துக்கு யார் பொறுப்பு? அன்றைக்கே சொட்டு மருந்து விட்டுத் திரும்ப எடுக்க ஒரு தனி ஆள், ஒரு திரைச்சீலை போட்ட அறை, இவை இரண்டும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். நான் பார்த்த இடத்தில் கேமராவுக்கும் மென்பொருளுக்கும்தான் பணம் போட்டிருந்தார்கள்.