ஏற்காடு மலைப்பாதையில் வழி தவறும் செயலி: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி (அம்மாபேட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் உள்ள சில தங்கும் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு வரை ஸ்கூட்டரில் சேலத்துக்குள் மட்டுமே வியாபாரம் செய்தேன். இப்போது பழைய வேன் ஒன்றை வாங்கி, வாரத்தில் இரண்டு முறை மலையேறுகிறேன். கைபேசியில் உள்ள வழிகாட்டும் செயலியை நம்பியே ஓட்டுகிறேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை, குறை சொல்வதும் என் நோக்கமன்று.

மூன்று தொல்லைகள் இருக்கின்றன. முதலாவது, சந்துகள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்குப் போகும்போது, நல்ல அகலமான சாலையிலிருந்து திருப்பி, வெள்ளிப் பட்டறைகள் இருக்கும் ஒரு சந்துக்குள் விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. பக்கக் கண்ணாடிகளை மடக்கியும் வேன் நுழையவில்லை. பின்னால் மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று வந்து நின்றுவிட, கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவர் வேலையை விட்டு எழுந்து வந்து கைகாட்டிய பிறகுதான் வண்டியைப் பின்னெடுக்க முடிந்தது. சென்ற மாதம் மட்டும் இப்படி மூன்று முறை நடந்துவிட்டது.

இரண்டாவது, ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும்போது, கீழே இருக்கும் சாலையில் போவதாக எண்ணிக்கொண்டு, இல்லாத இடத்தில் இடப்பக்கம் திரும்பச் சொல்கிறது. மூன்றாவது, மலைப்பாதையில் பாதி வளைவுகள் ஏறியதும் சிக்னல் போய்விடுகிறது. தேநீருக்காக நிறுத்திவிட்டு மீண்டும் கிளம்பினால் வழியே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கூகுள், மேப்பல்ஸ், வேஸ், ஆர்கானிக் மேப்ஸ் ஆகியவற்றில் அன்றாட ஓட்டத்துக்கு எது ஏற்றது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (அஸ்தம்பட்டியிலிருந்து)

செயலியை மாற்றும் முன் இரண்டு விவரங்கள் தேவை. வழி தேடும் திரையின் மேற்பகுதியில் கார் படம் தேர்வாகியிருக்கிறதா, இருசக்கர வாகனப் படம் தேர்வாகியிருக்கிறதா? மலையேறும் முன் அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்திருக்கிறீர்களா?

கேள்வி கேட்டவர்

இப்போதுதான் பார்த்தேன், இருசக்கர வாகனப் படம்தான் இருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டிய காலத்தில் தேர்ந்தெடுத்தது, அப்படியே கிடக்கிறது. வரைபடம் எதையும் இறக்கி வைத்ததில்லை, ஜி.பி.எஸ். இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

பதில் (அஸ்தம்பட்டியிலிருந்து)

அப்படியானால் சந்துத் தொல்லைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இருசக்கர வாகனங்களுக்கான தனி முறையை முதன்முதலில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. இன்று வேறு செயலிகளிலும் இது உண்டு. ஸ்கூட்டர் நுழையக்கூடிய குறுக்குச் சந்துகளையும் கணக்கில் எடுத்து வழி சொல்வதுதான் அதன் வேலை. உங்களிடம் வேன் இருப்பது செயலிக்கு எப்படித் தெரியும்? காருக்கு மாற்றினால் இத்தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், முழுவதும் தீராது. சாலையின் அகலத்தைக் கருதி வழி சொல்லும் வசதியை 2024-ல் கூகுள் அறிவித்தபோது சென்னை, கோவை உள்ளிட்ட எட்டு நகரங்களில்தான் தொடங்கியது, சேலம் அப்பட்டியலில் இல்லை. ஆகவே செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற பழைய பகுதிகளில் கடைசி அரை கிலோமீட்டருக்குக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வதே என் வழக்கம்.

மேம்பாலச் சிக்கல் வேறு வகையானது. செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலே, வானத்தில்தான் இருக்கின்றன. கீழ்ப்பக்கத்திலிருந்து அளவிட எதுவும் இல்லாததால், இடம்வலமாகக் கிடைக்கும் துல்லியம் உயரத்தில் கிடைப்பதில்லை. இரண்டு சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது, எதில் போகிறீர்கள் என்பதைச் செயலி ஊகிக்கத்தான் செய்கிறது. பாலத்தில் ஏற வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. மேப்பல்ஸ் பெரிய சந்திப்புகளைப் படமாகவும் காட்டுகிறது. இருந்தாலும் ஏறிய பிறகு அது சொல்வதைக் காதில் வாங்காமல், இறங்கியதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் (ஏற்காட்டிலிருந்து)

பல ஆண்டுகளாக இம்மலையில் வாடகை வண்டி ஓட்டுகிறேன் என்பதால் மூன்றாவது தொல்லையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஜி.பி.எஸ்.ஸுக்கு இணையம் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாலைகளின் படம் இணையத்திலிருந்து வருவது. சேலத்தில் கிளம்பும்போது போட்ட வழி கைபேசியின் நினைவில் இருப்பதால் சிக்னல் போன பின்னும் சிறிது தூரம் ஓடும். நிறுத்தி மூடிவிட்டீர்களானால், புதிய வழியை எங்கிருந்து எடுக்கும்?

இன்னொன்றும் உண்டு. அடிவாரத்திலிருந்து மேலே வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், ஒரு வளைவின் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாறையும் மரங்களும் மறைக்கும் இடத்தில் இருப்பிடம் சற்றே விலகினாலும், செயலி உங்களை அடுத்த தட்டுக்கு எகிறவைத்துவிட்டு, வழி தவறிவிட்டதாக மீண்டும் கணக்குப் போடத் தொடங்கும்.

உண்மையில் அடிவாரம் சோதனைச்சாவடியிலிருந்து மேலே ஏற்காட்டில் உள்ள ஒண்டிக்கடை ரவுண்டானா வரை செயலியே தேவையில்லை. இருப்பது ஒரே சாலை. அந்த வளைவுகளில் திரையைப் பார்ப்பதைவிட மேலிருந்து இறங்கும் பேருந்தின் ஹாரனைக் கேட்பதே நல்லது. செயலியின் உதவி வேண்டியிருப்பது அதற்கு மேலேதான், அதாவது நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் எஸ்டேட்டுகளுக்குள் இருக்கும் விடுதிகளைத் தேடும்போது. அங்கே பெயரைத் தட்டித் தேடினால், குறி பல முறை விடுதியின் வாயிலில் விழாமல் காப்பித் தோட்டத்தின் நடுவில் விழுகிறது. முதன்முறை போனபோதே கேட்டின் முன் வண்டியை நிறுத்தி, திரையில் நீங்கள் நிற்கும் புள்ளியை அழுத்திப் பிடித்துச் சேமித்துவிட்டால் அடுத்த முறை கவலையில்லை.

நான் பயன்படுத்துவது இரண்டு. நகருக்குள் கூகுள் மேப்ஸ். நெரிசல் நிலவரம் அதில் கிடைக்கிறது. மலைக்கு ஆர்கானிக் மேப்ஸ். தன்னார்வலர்கள் வரைந்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்ட இச்செயலியில் வரைபடத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால், தேடுவதும் வழி போடுவதும் முழுக்கக் கைபேசிக்குள்ளேயே நடக்கும். நெரிசல் தெரியாது என்பது அதன் குறை. கூகுளிலும் ஒரு பகுதியை இறக்கி வைத்து, இணையமின்றிக் காருக்கு வழி பெறலாம். நெரிசலும் மாற்று வழிகளும் மட்டும் கிடைக்கா. 2013-ல் கூகுள் வாங்கிய வேஸ் செயலியில் வரைபடத்தை இறக்கி வைக்க வழியில்லை என்பதால் மலைக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இறக்கி வைத்த வரைபடம் எதற்கும் தெரியாத ஒன்று, பாதை மூடப்பட்ட செய்தி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இப்பாதையில் மண் சரிந்தபோது வண்டிகள் ஏற்காட்டுக்கு வரும் மற்றொரு மலைச்சாலையான குப்பனூர் வழியாகத்தான் ஏறி இறங்கின. மழைக்காலத்தில் கிளம்பும் முன் விடுதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

பதில் எழுதிய இருவருக்கும் நன்றி. காருக்கு மாற்றிய பின் இரண்டு வாரமாகச் சந்து எதிலும் மாட்டவில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு நேராகப் பெரிய சாலை வழியாகவே கொண்டுபோய்விட்டது. ஆர்கானிக் மேப்ஸில் வரைபடத்தை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு, நேற்று மலையேறும்போது வேண்டுமென்றே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டேன். வழக்கமான இடத்தில் தேநீர் குடித்துவிட்டு மூடித் திறந்தபோதும் வழி உடனே வந்தது. நாகலூர்ப் பக்கத்து விடுதியின் கேட்டில் நின்று குறியைச் சேமித்துவிட்டேன். விடுதிப் பெயருக்கு வரைபடம் காட்டும் இடம் அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு மிளகுக்கொடி வேலிக்குப் பின்னால் இருக்கிறது.

ஐந்து ரோடு பாலத்தில் மட்டும் நிலைமை மாறவில்லை. அங்கே ஏறும்போது ஒலியைக் குறைத்துவிடுகிறேன்.